வீண் வழக்கும் நீதிமன்ற வாசலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



வழக்காடுவதில் நம்மவர்க்குள்ள பேர் சிறிதன்று. வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்தான் என்று தொடங்கும் சச்சரவு, கோடேறி, மேன்முறையீடும் ஏறி, ஈற்றில் பிள்ளைகள் தலையில் விழுவதை இச்சபையிலுள்ள பெரியோர் பலர் கண்டிருப்பர். காணியின் விலையிலும் வழக்குச் செலவு கூடிவிட்டது என்று தெரிந்த பின்னரும் விடமாட்டார்கள். அப்போது வழக்கு நடப்பது காணிக்காக அன்று. அயலவனைக் கோட்டு வாசலில் காத்து நிற்க வைப்பதற்காக. இத்தகைய வீண் வழக்கைச் சட்டத்தால் அடக்கலாமா, அடக்கும்போது நியாயமுள்ளவன் வெளியே நின்றுவிடாமற் பார்ப்பது எப்படி என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இங்கிலாந்திலே அலெக்சாந்தர் சாபர்ஸ் என்றொருவர் இருந்தார். சட்டத் தொழில் பார்த்தவர். வேல்ஸ் இளவரசர், கன்ரர்பரிப் பேராயர் முதலாய பெரிய மனிதர்மேல் சில ஆண்டுகளுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட வழக்குகளை வைத்தார். அவர் தொல்லை பொறுக்கமாட்டாமலே 1896இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நியாயமான காரணமின்றி ஓயாது வழக்கு வைப்பவன் என்று ஒருவனை உயர் நீதிமன்றம் கண்டால், இனிமேல் நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவன் வழக்கு வைக்கலாகாது என்று கட்டளையிடலாம். இக்கட்டளையைக் கேட்டுச் செல்லும் உரிமை எதிராளிக்கு இல்லை. சட்டமா அதிபருக்கே உண்டு. கட்டளைக்கு முன் அம்மனிதனின் பேச்சைக் கேட்கவேண்டும். அவன் ஏழையாயின் அவனுக்காகப் பேச ஒரு நியாயவாதியை நீதிமன்றமே நியமிக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதை ஊன்றிக் கவனியுங்கள். வாயை அடைக்கப் போகும் இடத்திலேயே பேசுவதற்கு ஆள் கொடுத்த சட்டம் அது.

நமக்கு அயலிலே, சென்னை மாகாணமும் 1949இல் இவ்வழியிற் சட்டம் செய்தது. இது அரசியலமைப்பு தந்த உரிமையைப் பறிக்கிறது என்று ஒருவர் இந்திய உச்ச நீதிமன்றம்வரை சென்றார். வழக்கிடும் உரிமையைச் சட்டம் அறவே எடுத்துவிடவில்லை, நல்ல காரணம் காட்டினால் அனுமதி கிடைக்கும் என்று கூறி, 1965இல் அம்மன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இவ்வளவும் சரியே. ஆனால் ஓயாது வந்தவர் எல்லாரும் வீணர் ஆவரோ? மிஷன் பாடசாலையிலே எங்களுக்கு ஓதிய விவிலியத்தில் ஒரு கைம்பெண் கதை உண்டு. நீதியற்ற நடுவனிடம் அவள் மீண்டும் மீண்டும் வந்து நின்றே தன் நியாயத்தைப் பெற்றாள். ஓயாமை மட்டும் குற்றமானால் முதலில் அகப்படுபவள் அவளே. காரணமின்மையும் ஓயாமையும் சேர்ந்தாற்றான் குற்றம்.

வேறொரு குறையும் உண்டு. நாற்பது வழக்கு வைத்தவனைப் பிடிக்கும் இச்சட்டம், ஒரே வழக்கை இருபது ஆண்டு இழுப்பவனைப் பிடிக்காது. வீண் வழக்கென்றதும் நாம் வழக்காளியையே நினைக்கிறோம். பிறர் காணியில் அடாத்தாகக் குடியிருந்துகொண்டு, தவணைக்குத் தவணை புதுக் காரணம் சொல்லும் எதிராளியின் வீண் மறுப்பை யார் எண்ணுகிறார்கள்? என் எண்ணத்தில் நம் ஊருக்குப் பெரிய தொல்லை அதுவே. காரணமின்றித் தவணை கேட்பவன், மறுபக்கத்தார் அன்று வந்துபோன செலவை அன்றைக்கே கட்டவேண்டும் என்று நீதிபதிகள் உறுதியாக நின்றால் பாதித் தவணைகள் தாமே மறைந்துவிடும்.

நம் நாடு கண்ட வழி மற்றொன்று. 1958ஆம் ஆண்டின் இணக்க சபைச் சட்டமும், பின்னர் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டமும், சிறிய பிணக்குகள் முதலில் ஊர்ச் சபைக்குச் செல்லவேண்டும் என்று வைத்தன. 1988இல் அதற்கு வைத்த எல்லை இருபத்தையாயிரம் ரூபா, பின்னர் உயர்த்தினார்கள். சபையிலே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. இணக்கம் வராவிடின் சபை ஒரு சான்றிதழ் தரும். அதனோடு நீதிமன்றம் போகலாம். வாசல் மூடப்படவில்லை, வாசலுக்கு முன் ஒரு திண்ணை கட்டியிருக்கிறார்கள். நாலு பேர் முன் அத்திண்ணையில் இருந்து பேசவே பல கோபங்கள் தணிந்துவிடும்.

வடிகட்டி மிக இறுகினால் என்ன நேரும் என்பதற்கு நாம் வெளியூர் போகவேண்டியதில்லை. பழைய பிணக்குகளைக் கிளறாதிருக்க 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்தாண்டு எல்லை வைத்தது. நல்ல எல்லைதான். ஆனால் போரினால் ஊரைவிட்டு ஓடியவன் திரும்பிவந்து பார்க்கையில், தன் காணியிலே வேறொருவன் பத்தாண்டுக்கு மேலாக இருக்கிறான்! சட்டத்தின் எழுத்துப்படி அவன் வழக்கே காலங்கடந்த வீண் வழக்கு. இதைக் கண்டுதான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் வழக்கிட முடியாதிருந்தோருக்கு அக்காலத்தைக் கணக்கில் எடாது விட்டது. ஆயினும் வழக்கு வைக்க இரண்டே ஆண்டு அவகாசம் தந்தது. பல நாடுகளிற் சிதறிக் கிடந்தவர்க்கு, உறுதி எங்கே, உறவினர் எங்கே என்று தேடவே அது போதாது.

பெரிய புராணத்திலே சுந்தரரின் கலியாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் ஓலையோடு வந்தார். நீ எனக்கு அடிமை என்றார். இதனிலும் வீணான வழக்கு உண்டா? கூட்டத்தார் சிரித்தார்கள், சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தே போட்டார். ஆனால் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் சிரித்துத் துரத்தவில்லை. கேள்விப்படாத வழக்காயிருக்கிறதே என்று வியந்தார்கள். வியந்துவிட்டு, வழக்கம் உண்டா, ஆவணம் உண்டா, சாட்சி உண்டா என்று கேட்டார்கள். கிழிந்தது படி என்று சொல்லி மூல ஓலையைக் கிழவர் காட்ட, பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்பளித்தார்கள். வந்தவர் யார் என்பது பின்னரே தெரிந்தது. ஒரு வழக்கு வீணா அல்லவா என்பதைக் கேட்டுப் பார்த்த பின்னரே சொல்லலாம். கேட்பதற்கு நெடுநேரமும் வேண்டியதில்லை.

முடிக்குமுன் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். நம்முள்ளே சட்டம் படிப்போர் சிலர் இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு மாலை மன்ற மண்டபத்தைத் திறந்துவைத்தால், தம் உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வழக்குக்கு எழும்பும் பெரியவர்களுக்கு அதை வாசித்துச் சொல்லலாம். ஏழைகளாயிருப்போர்க்கு 1978இல் நிறுவிய சட்ட உதவி ஆணைக்குழுவின் வழியையும் காட்டலாம். மண்டபத் திறப்பு செயலாளரிடம் இருக்கிறதென்று அறிகிறேன்.