கன்பராவில் ஒரு நினைவாலயம்

போரிலே பட்ட வீரனுக்குக் கல் நாட்டிப் போற்றும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக, நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. இறந்தவனுடைய பெயரையும் பீடினையும் கல்லிலே பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டமையைச் சங்கச் செய்யுட்கள் பல காட்டுகின்றன. ஊருக்கு ஒரு வீரன், அவனுக்கு ஒரு கல் என்று இருந்த காலம் அது. ஆயிரம் பதினாயிரமாக மக்கள் மாண்ட இக்காலத்துப் போர்களுக்கு எத்தகைய கல்லை நாட்டுவது? ஒரு நாடு முழுவதும் கூடி நாட்டிய கல் ஒன்றினைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய கன்பராவில் உள்ள போர் நினைவாலயமே அது. 2017ஆம் ஆண்டில், பாடசாலை விடுமுறைக் காலத்திலே, அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

கன்பரா, திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகரம். அதன் நடுவே ஓர் ஏரி. ஏரிக்கு ஒரு புறத்தில் நாடாளுமன்றம். மறுபுறத்தில், எயின்ஸ்லி மலையின் அடிவாரத்தில், நினைவாலயம். இரண்டும் ஒரே நேர்கோட்டில் ஒன்றையொன்று நோக்கியபடி நிற்கின்றன. நாட்டை ஆள்வோர் தம் மன்றத்தின் வாயிலில் நின்று எதிரே நோக்குவாராயின், போர் கேட்கும் விலை யாதென்பதைச் சொல்லும் கட்டடம் அவர் கண்ணிற் படும். நகரமைப்பிலே இத்துணைப் பொருள் பொதிந்திருப்பதைக் கண்டு வியந்தேன்.

இந்நினைவாலயம் ஒரு மனிதருடைய உள்ளத்திலே தோன்றிய எண்ணம். சாள்ஸ் பீன் என்பவர், முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியப் படைகளுடன் சென்ற செய்தியாளர். 1916ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டிலுள்ள பொசியேர் என்னும் சிற்றூரையும் அதன் சூழலையும் கைப்பற்ற நிகழ்ந்த சமரில், ஏழு வாரத்துக்கும் குறைந்த காலத்துள் ஏறத்தாழ 23,000 அவுஸ்திரேலியர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். அதனை அருகிருந்து கண்டவர் பீன். இவர்களுடைய நினைவைக் காக்க நாட்டிலே ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது. அது கட்டடமாக உருப்பெற இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1941ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் நினைவாலயம் திறக்கப்பட்டபோது, உலகம் இரண்டாவது பெரும் போரில் மூழ்கிக் கிடந்தது.

பீன் வகுத்த நெறி குறிப்பிடத்தக்கது. போர்க்களத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பொருள்களை வெற்றிச் சின்னங்கள் என்று அழைத்தலை அவர் விரும்பவில்லை. நினைவுப் பொருள்கள் என்றே அழைக்க வேண்டும் என்றார். போரைப் புகழ்ந்து பாடுதலும், வெற்றியைப் பறைசாற்றுதலும், பகைமையை நீடிக்கச் செய்தலும் இங்கு ஆகா என்பது அவர் கொள்கை. போரிலே நின்றவர்களே போர் வேண்டாம் என்று மிகுதியாக விரும்புபவர்கள் என அவர் அறிந்திருந்தார்.

உள்ளே புகுந்தால், முதலிற் காண்பது திறந்த முற்றமும் அதன் நடுவே நீண்ட நீர்த்தடாகமும் ஆகும். முற்றத்தின் இருபுறத்து மேற்றளத் தாழ்வாரங்களிலும் வெண்கலப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. மாண்டவர்களின் பெயர்கள் அவற்றிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் 103,000 பெயர்களுக்கு மேல். இவற்றுள் 60,000க்கு மேற்பட்டவை முதலாம் உலகப் போரில் இறந்தோருடையவை. அக்காலத்தில் அந்நாட்டின் மக்கட்டொகை ஐம்பது இலட்சத்தை எட்டவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அப்பலகைகளிலே ஒரு சிறப்பு உண்டு. பெயர் மட்டுமே இருக்கிறது, பதவி இல்லை. தளபதியும் கடைநிலைச் சிப்பாயும் தத்தம் படைப்பிரிவின் கீழ், அகரவரிசையிலே, ஒரே அளவான எழுத்தில் நிற்கின்றனர். உயிருடன் இருக்கையில் ஒருவருக்கு ஒருவர் சலாமிட்டவர்கள் இறந்தபின் சமமாயினர். பெயர்களின் அருகே, பலகைகளின் இடுக்குகளிலே, செந்நிறப் பொப்பிப் பூக்கள் செருகப்பட்டுள்ளன. அரசு ஆணையிட்டு வந்த வழக்கமன்று இது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், பிரான்சில் அடக்கம் செய்யப்பட்டிருந்த பெயரறியாத அவுஸ்திரேலியப் போர்வீரர் ஒருவருடைய உடல் இங்கு கொணரப்பட்டு மீள அடக்கப்பட்டது. அன்று அஞ்சலி செலுத்த வரிசையில் நின்ற மக்கள், தம் உறவினர் பெயரருகே தாமாகவே பூக்களைச் செருகினர். அன்று தொடங்கியது இன்றும் நிலவுகின்றது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிய நம் முன்னோர் இதனைக் கண்டிருப்பின், தமது வழக்கமே இது என்று கொண்டிருப்பர்.

நான் சென்ற காலம் முதலாம் உலகப் போரின் நூற்றாண்டு நினைவுக் காலம். அத்தாழ்வாரத்தில் நடக்கும்போது மெல்லிய குரல்கள் கேட்டன. அந்நாட்டுப் பாடசாலைச் சிறுவர் சிறுமியர், இறந்தவர்களின் பெயரையும் வயதையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பதிவு செய்த குரல்கள் அவை. ஒரு பெயர், பத்தொன்பது வயது. இன்னொரு பெயர், இருபத்திரண்டு வயது. மீண்டும் ஒரு பெயர், மீண்டும் பத்தொன்பது. முப்பது ஆண்டுகளாக வகுப்புகளிலே வரவுப் பதிவேட்டைப் படித்துப் பழகியவன் நான். பெயரைக் கூப்பிட்டதும் மாணவன் எழுந்து நின்று விடை சொல்வான். இங்கோ பெயர்கள் கூப்பிடப்படுகின்றன. விடை சொல்வார் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதி ஓராண்டு ஈராண்டு சென்ற பிள்ளைகளின் வயது அது என்று எண்ணியபோது கால்கள் சற்று நின்றுவிட்டன.

தடாகத்தின் அப்பாலுள்ள குவிமாட மண்டபத்திலேதான் அப்பெயரறியாத வீரரின் கல்லறை இருக்கிறது. மண்டபச் சுவர்களையும் மாடத்தின் உட்புறத்தையும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு வண்ணத் துண்டுகளாலான ஓவியம் அணிசெய்கின்றது. அதனை வகுத்தவர் நேப்பியர் வோலர் என்னும் ஓவியர். 1917ஆம் ஆண்டில் பிரான்சுப் போர்க்களத்தில் வலக்கையை இழந்தவர் அவர். பின்னர் இடக்கையால் வரையப் பயின்று இப்பெரும்பணியை நிறைவேற்றினார்.

நினைவாலயத்தின் மற்றொரு பகுதி அரும்பொருட்சாலை. அதிலே சொல்லப்படும் வரலாற்றில் நமது இலங்கையும் இடம்பெறுகின்றது என்பதை நேயர்கள் அறிய வேண்டும். நம்மவர் பேச்சிலே, பொல்லாத சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்பார்கள். 1914ஆம் ஆண்டில் இந்து சமுத்திரத்தைக் கலக்கி, சென்னை நகர்மீது குண்டு பொழிந்த ஜேர்மானியக் கப்பலின் பெயர் அது. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள், கொக்கோசுத் தீவுகளுக்கு அருகே அதனை வென்றது 'சிட்னி' என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல். காயமுற்ற எதிரிகளை ஏற்றிக்கொண்டு அக்கப்பல் கொழும்புத் துறைமுகத்துள் நுழைந்தபோது, அங்கே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர் நிறைந்த கப்பல்கள் நின்றன. முதல் வெற்றி! ஆரவாரம் எழுந்திருக்க வேண்டும். ஆயினும் எழவில்லை. கப்பலில் எதிரியின் காயக்காரர் கிடக்கிறார்கள். ஆரவாரம் வேண்டா என்று 'சிட்னி'யின் தலைவர் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். நமது துறைமுகம் கண்ட மேன்மையான மௌனங்களில் ஒன்று அது.

இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள், மட்டக்களப்புக் கடலுக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாழ்த்தின. அதற்குத் துணையாகச் சென்று உடன் மூழ்கியது 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலியக் கப்பல். நம் கிழக்குக் கடலின் அடியிலே உறங்கும் அதன் மாலுமிகளுக்கும் கன்பராவின் வெண்கலத்திலே இடம் உண்டு.

நேயர்களே, என் உள்ளத்தை ஆழமாகத் தொட்ட பொருள் ஒரு சிறிய நீர்மூழ்கிக் கப்பல். 1942ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு, யப்பானின் சிறு நீர்மூழ்கிகள் மூன்று சிட்னித் துறைமுகத்துள் புகுந்தன. ஒவ்வொன்றிலும் இருவர். ஒன்று ஏவிய குண்டினால் 'கட்டபுல்' என்னும் கப்பல் உடைந்து, அதிலிருந்த 21 மாலுமிகள் மாண்டனர். மற்றைய இரண்டும் துறைமுகத்துள்ளேயே அழிந்தன. அவற்றை மேலே தூக்கி, இரண்டின் பகுதிகளையும் சேர்த்து ஒன்றாக்கியதையே நான் அங்கு கண்டேன்.

அவற்றினுள் இறந்து கிடந்த யப்பானியர் நால்வர் உடல்களையும் என் செய்வது என்ற கேள்வி எழுந்தது. சிட்னியின் கடற்படைத் தலைவராயிருந்த மூர்ஹெட் கூல்ட், கடற்படை மரியாதைகளுடன் அவற்றைத் தகனஞ் செய்வித்தார். நாட்டிலே கண்டனம் எழுந்தது. அத்தகைய துணிவு எந்த ஒரு நாட்டினருக்கும் தனியுரிமையன்று என்று அவர் பகிரங்கமாகவே விடையளித்தார். தம் நாட்டுக் கைதிகளை யப்பானும் நன்கு நடத்தும் என்ற நம்பிக்கையும் அச்செயலில் இருந்தது. அந்நம்பிக்கை பொய்த்தது. யப்பானியரிடம் அகப்பட்ட ஏறத்தாழ 22,000 அவுஸ்திரேலியருள் 8,000 பேருக்கு மேல் மாண்டுபோயினர்.

இதன் பின்னரும், 1968ஆம் ஆண்டில், இறந்த நால்வருள் ஒருவரான மட்சுவோ என்பவரின் முதிய தாயார் அவுஸ்திரேலியாவுக்கு வந்தார். மகன் மாண்ட நீரிலே செரிப் பூக்களைத் தூவினார். நினைவாலயத்துக்கும் வந்து அன்பளிப்புகள் வழங்கினார். மகனால் தாக்கப்பட்ட நாடு அந்தத் தாயை விருந்தினராக ஏற்றது. படை திரட்டுவதிலும் கடினமான வீரம் இது.

நினைவாலயத்திலே குறை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1788ஆம் ஆண்டு முதல் குடியேற்றக்காரருக்கும் அந்நாட்டின் ஆதிக்குடிகளுக்குமிடையே நிகழ்ந்த சண்டைகளில் உயிரிழந்த ஆதிக்குடிகளின் பெயர்கள் அப்பலகைகளில் இல்லை. பின்வந்த போர்களிலே அவர்களின் மைந்தர் பலர் அதே நாட்டுக்காகப் போரிட்டு மாண்டு, அச்சுவரிலே இடம் பெற்றனர், பாட்டன்மார் பெறவில்லை. அவ்வரலாற்றை மேலும் விரிவாகக் காட்டப்போவதாக 2022ஆம் ஆண்டில் நினைவாலயம் அறிவித்தபோது, ஆதரவும் எதிர்ப்பும் ஒருங்கே எழுந்தன. எந்த நினைவுச்சின்னத்தின் முன்னும் நாம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை?

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற நீண்ட போரைக் கண்ட நாடு நமது நாடு. வடக்கிலும் தெற்கிலும் கிழக்கிலும், வரவுப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிய பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் விளக்கு எந்த வீட்டில் எரிந்தாலும் அதன் சுடர் ஒன்றே. மாணவர்க்குப் போர் வரலாறு கற்பிக்கும் என் போன்றோருக்குக் கன்பரா புகட்டும் பாடம் இதுவே: யார் வென்றார் என்பதோடு பாடத்தை முடித்துவிடலாகாது. மாண்டவனின் பெயரையும் வயதையும் சொல்லுதல் வேண்டும். மறுபுறத்திலும் ஒரு தாய் இருந்தாள் என்பதையும் சொல்லுதல் வேண்டும். கேட்கும் பிள்ளை போரைப் புகழக் கற்காது. உயிரின் அருமையைக் கற்கும்.

நினைவாலயம் ஒவ்வொரு நாளும் மூடப்படும் வேளையில், 2013ஆம் ஆண்டு முதல் ஒரு சடங்கு நடைபெறுகிறது. அத்தனை பெயர்களிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, அவர் பிறந்த ஊரையும், செய்த தொழிலையும், இறந்த விதத்தையும் எடுத்துரைப்பார்கள். பின்னர் எக்காளம் ஊதப்படும், கதவுகள் சாத்தப்படும். நாளைக்கு ஒருவராகச் சொல்லி முடிக்க 280 ஆண்டுகளுக்கு மேற்செல்லும் என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். இறந்தோரை எண்ணிக்கையாக்காமல் மனிதராகவே நினைப்பதாயின், அத்துணைக் காலம் வேண்டியதுதான்.