கடனும் கோர்ட்டு உத்தரவும்
(கோயமுத்தூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கங்களில் பந்துக்களின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடாத குடும்பம் அரிது. ஆதலின் இது நம் வீட்டு விஷயமேயாம்.

கடனைத் தீர்க்க இயலாமை குற்றமன்று. 1908-ம் வருஷத்து சிவில் புரொஸீஜர் சட்டத்தின் 60-வது பிரிவு, கைத்தொழிலாளியின் கருவிகளையும், உழவனுக்கு ஜீவனத்துக்கு வேண்டிய ஏர், மாடு, விதைத் தானியங்களையும் ஜப்தியினின்று விலக்கியிருக்கிறது. கொடுக்க வகையற்ற ஏழையைக் கடனுக்காகச் சிறையிலிடலாகாதென்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புரைத்தார்.

உத்தரவை மீறுதலோ வேறு சங்கதி. ஜப்தியான பின் செய்யும் கைமாற்றம், டிக்ரிதாரருக்கு விரோதமாய் 64-வது பிரிவின்படி செல்லாது. தடையுத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறையும் நேரும்.

விஜய் மல்லையாவின் வழக்கைப் பாருங்கள். பாங்கிகளுக்குக் கடன் நிற்க, கர்நாடக ஹைக்கோர்ட்டின் தடையும் இருக்க, 4 கோடி அமெரிக்க டாலரைத் தம் மக்களுக்கு மாற்றிவிட்டார். 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கோர்ட்டு அவமதிப்பென்றது. 2022 ஜூலையில் 4 மாதச் சிறையும் 2000 ரூபாய் அபராதமும் விதித்து, அத்தொகையை 8 சதவிகித வட்டியுடன் செலுத்தக் கட்டளையிட்டது. அபராதம் அற்பந்தான், அவரும் அப்போது சீமையில் இருந்தார். நமக்கு ஓடிப்போகச் சீமை ஏது? பல்லடமும் பெருந்துறையுந்தானே!

கணக்கு முடக்கப்பட்டால் பாங்கி மானேஜருடன் சண்டையிட வேண்டாம், அவரும் கட்டளைக்குட்பட்டவரே. சர்க்கார் பென்ஷனுக்கு அதே 60-வது பிரிவில் விலக்குண்டு. பாஸ் புஸ்தகத்துடன் வக்கீலிடம் சென்று, கோர்ட்டில் மனுச் செய்து கேளுங்கள்.