மது லைசென்ஸ்: ஊர்ப் பெண்களைக் கேட்டது யார்?

(தூத்துக்குடி முத்தையாபுரத்தில் உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் உப்பளத்துக்குப் போக வேண்டியவர்கள் நீங்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். இது துறைமுகப் பட்டணம், வெளிநாட்டுக் கப்பல் வருகிறது, வியாபாரிகள் வருகிறார்கள், ஓட்டல்களில் சாப்பாட்டோடு ஒயின் கொடுக்க லைசென்ஸைத் தாராளமாக்கினால் என்ன என்று சிலர் பேசுகிறார்கள். நம் வாலிபர்களிலும் சிலர் அப்படிக் கேட்கிறார்கள். கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில் ஒரு வேடிக்கை. ஓட்டலில் மது ஊற்ற லைசென்ஸ் கொடுக்கும் சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்! ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் முதலில் அமல் செய்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. அந்தக் காலத்திலும் வெள்ளைக்காரனுக்குப் பர்மிட் உண்டு. டாக்டர் சீட்டு வாங்க வசதி உள்ளவனுக்கும் உண்டு. கள் இறக்கிய பனையேறிக்கும் குடித்த கூலிக்காரனுக்கும் சிறை. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். அந்த 1981-ல் போட்ட லைசென்ஸ், பர்மிட் விதிகள்தான் பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் உள்ளன.

அவற்றின்படி நட்சத்திரத் தகுதி பெற்ற ஓட்டலுக்கு எஃப்.எல்.3 லைசென்ஸ், கிளப்புக்கு எஃப்.எல்.2. வெறும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் ஒரு கிளாஸ் ஒயின் விற்கவும் வழியில்லை. (கோயிலில் பூசைக்கு வைக்கும் திராட்சை ரசத்துக்குத் தனி விதி. அதில் நமக்குத் தகராறு ஒன்றுமில்லை.) ஆக, குளிர்சாதன அறையில் குடிப்பது கௌரவம். அதே சரக்கை டாஸ்மாக் கடை வாசலில் நின்று குடிப்பவன் குடிகாரன். அந்தக் கடைக்கு நாம் ‘ஒயின் ஷாப்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே ஒயின் வாங்குகிறவரை நான் கண்டதில்லை. பக்கத்துப் பாரில் தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டி பொறுக்கவும் டெண்டர் விட்டு அதிலும் காசு பார்க்கிறார்கள்.

2003 நவம்பரில் சில்லறை விற்பனையைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 2003-04-ல் வருமானம் 3,639 கோடி ரூபாய். 2023-24-ல் 45,855 கோடி. பன்னிரண்டு மடங்குக்கு மேல்! இந்தப் பணம் யார் மடியிலிருந்து போனது என்று சம்பள நாள் இரவில் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, கடை எங்கே வைக்கலாம்? 2003-ம் வருஷத்து விதி சொல்கிறது: பள்ளிக்கூடம், கோயிலிலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர் தள்ளி வைக்கலாம், மற்ற ஊர்களில் 100 மீட்டர். நம்முடைய முத்தையாபுரத்தையே பாருங்கள். ஊராட்சியாக இருந்தவரை 100 மீட்டர் பாதுகாப்பு. மாநகராட்சியோடு சேர்ந்ததும் 50 மீட்டர். பள்ளிக்கூடம் நகர்ந்ததா? பிள்ளைகள் வேறு பாதையில் நடக்கிறார்களா? வரி கூடியது, தூரம் பாதியாகிவிட்டது!

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளை மூட நேர்ந்தது. உடனே என்ன செய்தார்கள்? கடைகளை ஊருக்குள் கொண்டுவந்து வைக்கப் பார்த்தார்கள். பெண்கள் தெருவில் இறங்கித் தடுத்தார்கள். லாரி டிரைவரைக் காப்பாற்ற ஓர் அளவு உண்டு, டிரைவரின் மனைவியைக் காப்பாற்ற அளவு கிடையாது.

2023 ஏப்ரலில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். கல்யாண மண்டபத்திலும் மது பரிமாறச் சிறப்பு லைசென்ஸ் என்று விதியைத் திருத்தினார்கள். மாநகராட்சிக்குள் ஒரு நாள் கட்டணம் 11,000 ரூபாய். மழைக்காலம் முழுவதும் வேலையில்லாமல் கிடக்கும் உப்பளத் தொழிலாளிக்குச் சர்க்கார் கொடுக்கும் நிவாரணமோ 5,000! கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, இடதுசாரிகளும் எதிர்த்தோம். கல்யாண மண்டபத்தை விட்டுவிட்டார்கள். எதிர்த்திராவிட்டால் நம் பிள்ளைகளின் கல்யாணப் பந்தியில் புட்டி வந்து நின்றிருக்கும்.

கேரளத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 2014-ல் காங்கிரஸ் சர்க்கார் பார்களை ஐந்து நட்சத்திர ஓட்டலோடு நிறுத்தியது. 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ஒப்புக்கொண்டது. 2017-ல் நம்முடைய இடதுசாரி சர்க்கார் மூன்று நட்சத்திரம்வரை திறந்துவிட்டது. சுற்றுலா, வேலை என்று காரணம் சொன்னார்கள். மூடினவரும் திறந்தவரும் எண்ணியது நட்சத்திரத்தைத்தான். செய்தது நம் தோழர்களே ஆனாலும் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மகாராஷ்டிரத்தில் வேறொரு வழி இருக்கிறது. ஒரு பகுதியின் பெண் வாக்காளர்களில் நாலில் ஒரு பங்கினர் மனுக் கொடுத்தால் ரகசிய ஓட்டெடுப்பு. பாதிக்கு மேல் பெண்கள் ‘வேண்டாம்’ என்றால் கடையை மூட வேண்டும். நாம் கேட்பதும் இதைத்தான். ஓட்டலாகட்டும், கிளப்பாகட்டும், டாஸ்மாக்காகட்டும், லைசென்ஸ் கொடுக்குமுன் அந்த வார்டுப் பெண்களின் ஓட்டு வேண்டும். 50 மீட்டரை 100 ஆக்க வேண்டும்.

மனு மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை இருக்கிறது. வார்டு நம்பரை மறக்காமல் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் புறப்படுகிறோம்.