சுக்கு பழிவாங்கல, பயந்திருக்கா

இந்த எபிசோடை வழக்கமா ரெக்கார்டு பண்ற என் ரூம்ல இருந்து பேசல. ரெண்டு தெரு தள்ளி ஒரு நண்பன் வீட்டு மாடியில உட்கார்ந்திருக்கேன். எதிர்ல லேப்டாப், பக்கத்துல மொபைல். மொபைல் ஸ்க்ரீன்ல என் வீட்டு ஹால் தெரியுது. ஹால் நடுவுல ஒரு பழைய போர்வை மேல சுக்கு படுத்திருக்கா. தனியா. இன்னைக்கு டார்கெட் 50 நிமிஷம். நடுவுல நான் பேச்சை நிறுத்திட்டு மொபைலை எட்டிப் பார்த்தா கண்டுக்காதீங்க.

போன மாசம் ஒரு நேயர் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "நான் ஆபீஸ் போனதும் என் நாய் செருப்பு, கதவு, சோபான்னு எல்லாத்தையும் கடிச்சு வெச்சிடுது. விட்டுட்டுப் போறதுக்குப் பழிவாங்குது. எப்படித் திருத்துறது?" கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை நானும் ஒரு ராத்திரி கூகுள்ல தட்டியிருக்கேன். அதனால இன்னைக்கு அந்தக் கதை.

சுக்கு எங்கிட்ட வந்தது 2021 மே மாசம், லாக்டவுன்ல. வேளச்சேரியில பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில இருந்த குட்டி. நாட்டு நாய். காஞ்ச சுக்கு நிறம், அதனால சுக்கு. அதுக்கப்புறம் 3 வருஷம் எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். நான் வெளிய போனா ரூம்மேட் இருப்பான். அவன் போனா நான் இருப்பேன். யோசிச்சுப் பார்த்தா, அந்த 3 வருஷத்துல அவ தனியா இருந்ததே இல்ல. அப்போ அது எனக்கு ஒரு விஷயமாவே தோணல. 2024ல ரெண்டு காரியம் ஒரே மாசத்துல நடந்தது. ரூம்மேட்டுக்குக் கல்யாணம் ஆகி வேற வீடு போனான். எங்க ஆபீஸ்ல வாரத்துக்கு 3 நாள் கட்டாயம் வரணும்னு மெயில் வந்தது.

முதல் நாள் காலை 9 மணிக்குக் கிளம்பி சாயங்காலம் 6.30க்கு வந்தேன். எதிர் வீட்டு ஆன்ட்டி வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. "தம்பி, காலையில இருந்து அழுதுட்டே இருக்குப்பா. செத்துகித்துப் போயிடுமோன்னு பயந்துட்டோம்"னு சொன்னாங்க. கதவைத் திறந்தா, உள்பக்கம் கீழ் ஓரம் முழுக்கப் பிராண்டி, மரத்தூள் கொட்டிக் கிடக்கு. தரை ஈரம். யூரின்னு நினைச்சேன், பாதி எச்சில். அவ முன்னங்கால்ல ஒரு நகம் உடைஞ்சு ரத்தம்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? கத்தினேன். அவ காதை மடக்கி, வாலைக் காலுக்கு நடுவுல சொருகி, பார்வையை வேற பக்கம் திருப்பினா. "பாரு, தப்புன்னு தெரியுது, தெரிஞ்சேதான் பண்ணியிருக்கா"ன்னு அம்மாகிட்ட போன்ல வேற சொன்னேன்.

அந்த 'திருட்டு முழி' இருக்கே, அதைப் பத்தி அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆய்வாளர் 2009ல ஒரு பேப்பர் போட்டிருக்காங்க. 14 நாய்களை வெச்சு செஞ்ச சோதனை. நாய்கிட்ட "தின்னாதே"ன்னு சொல்லிட்டு ஓனர் ரூமை விட்டுப் போகணும். திரும்பி வரும்போது, நாய் தின்னுச்சா இல்லையான்னு சில சமயம் அவர்கிட்ட பொய்யான தகவல் சொல்லுவாங்க. கடைசியில, அந்த முழி வர்றதுக்கும் நாய் தப்புப் பண்ணதுக்கும் சம்பந்தம் இல்லன்னு தெரிஞ்சது. ஓனர் திட்டினா முழி வருது, அவ்வளவுதான். தப்பே பண்ணாம திட்டு வாங்கின நாய்கள்கிட்ட அது இன்னும் அதிகமா இருந்தது. சுக்கு அன்னைக்கு என்னைப் பார்த்துதான் பயந்தா. 9 மணி நேரம் பயந்து முடிச்சவளை, வந்ததும் நான் மறுபடி பயமுறுத்தியிருக்கேன்.

அடுத்த நாள் பழைய மொபைலை புக் ஷெல்ஃப்ல சாய்ச்சு வெச்சு வீடியோ கால் போட்டுட்டுக் கீழ போனேன். தரையில அவளுக்கு உயிரான வேகவெச்ச சிக்கன் 4 துண்டு. நாய் வீட்ல என்ன பண்ணுதுன்னு தெரியாம மருந்து தேடாதீங்க, முதல்ல பாருங்க. போர் அடிச்சுக் கடிக்கிற நாய் கொஞ்ச நேரம் தூங்கும், சிக்கனைத் தின்னும், அப்புறம் நிதானமா செருப்பைத் தேடிப் போகும். சுக்கு அப்படி இல்ல. நான் போன ஒரே நிமிஷத்துல நடக்க ஆரம்பிச்சா. கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல். மூச்சு வாங்குது, எச்சில் ஒழுகுது. 4வது நிமிஷம் ஊளை. அப்புறம் கதவைப் பிராண்டல். சிக்கன் பக்கமே திரும்பல. நான் உள்ள வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் 4 துண்டும் காலி. பேய் படம் பார்த்து நடுங்கிட்டு இருக்கிறவன்கிட்ட பிரியாணித் தட்டை நீட்டின மாதிரிதான் அது.

இதுக்குள்ள அட்வைஸ் குவிஞ்சிருச்சு. காலையில நல்லா ஓட வெச்சு டயர்டாக்கு. 5 கிலோமீட்டர் நடந்தோம், டயர்டா இருந்துக்கிட்டே ஊளையிட்டா. டிவி போட்டு வை. போட்டேன், டிவி சத்தத்தையும் சேர்த்து அக்கம்பக்கம் கேட்டாங்க. கூண்டுல போடு. பீதியில இருக்கிற நாய் கூண்டைக் கடிச்சுப் பல்லையே உடைச்சுக்கும்னு படிச்சேன், அதோட விட்டுட்டேன். குரைச்சா ஷாக் அடிக்கிற காலர்னு ஒருத்தர் லிங்க் அனுப்பினார், அவருக்கு நான் பதில் போடல. இன்னொரு நாய் வாங்குன்னு சொன்னவங்களும் உண்டு. அவ தேடுறது மனுஷனை. இன்னொரு நாய் வந்தா ரெண்டு வாடகைப் பிரச்சினை, அவ்வளவுதான்.

எல்லாத்தையும் விட மோசமான அட்வைஸ், "ரெண்டு நாள் கத்தும், பழகிடும்." அதை நம்பி நான் ஒரு வாரம் விட்டேன். பழகல. முன்னாடி 4வது நிமிஷம் ஆரம்பிச்ச ஊளை, நான் ஐடி கார்டை எடுக்கும்போதே ஆரம்பிச்சது. தினமும் அவளுக்கு நான் பயத்தைப் பிராக்டிஸ் குடுத்திருக்கேன். அந்த வாரக் கடைசியில ஹவுஸ் ஓனர் கூப்பிட்டார். "ஒரு மாசம் டைம் தரேன் தம்பி. நாய் இல்ல வீடு, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்குங்க." அம்மாவும் திருவண்ணாமலையில ஒரு தோட்டத்துக்காரர் கேக்குறார், குடுத்துடுன்னு ஆரம்பிச்சாங்க.

சட்டம் பேசலாமான்னு யோசிச்சேன். அபார்ட்மெண்ட் அசோசியேஷன், மெஜாரிட்டி இருந்தாக்கூட, நாய் வளர்க்கத் தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. ஆனா எதிர் வீட்டுப் பொண்ணு டிஎன்பிஎஸ்சி குரூப் 2க்குப் படிச்சிட்டு இருக்காங்க. 9 மணி நேரம் ஊளையைக் கேட்டுட்டு எப்படிப் படிப்பாங்க? அவங்க புகார்ல நியாயம் இருந்தது. அதனால பிரிண்ட் அவுட் எடுத்த பேப்பரை மடிச்சு உள்ள வெச்சுட்டேன்.

டாக்டர்கிட்ட வீடியோவைக் காட்டினேன். அவங்க முதல்ல யூரின் டெஸ்ட், ரத்த டெஸ்ட் எடுத்து வேற நோய் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் ஃப்ளூவாக்ஸெட்டின் எழுதிக் குடுத்தாங்க. மனுஷங்க மன அழுத்தத்துக்குச் சாப்பிடுற அதே மருந்து. நாய்களோட இந்தப் பிரச்சினைக்கு 2007லயே அமெரிக்காவுல எஃப்டிஏ அனுமதி குடுத்திருக்காங்க. "நாயை மயக்கத்துலயே வெச்சிருக்கப் போறியா?"ன்னு அம்மா கேட்டாங்க. மயக்க மருந்து இல்ல இது. வேலை செய்யவே சில வாரம் ஆகும். பயத்தோட உச்சத்தைக் கொஞ்சம் இறக்கும், கத்துக்கிறதுக்கு மூளையில இடம் குடுக்கும். எல்லா நாய்க்கும் தேவைப்படாது. தயவுசெஞ்சு வீட்ல இருக்கிற மாத்திரையை உடைச்சுக் குடுக்காதீங்க, அளவு டாக்டர்தான் சொல்லணும்.

மாத்திரை பாதிதான். மீதி பயிற்சி. மலேனா டிமார்ட்டினின்னு ஒரு அமெரிக்கப் பயிற்சியாளர், இந்தப் பிரச்சினையை மட்டுமே பல வருஷமா பார்த்துட்டு வர்றவங்க. அவங்க வழியில போனேன். ஒரே விதிதான்: நாய் பயப்படுறதுக்கு முன்னாடி திரும்பி வந்துடணும். பயந்தப்புறம் வந்தா அந்த முறை வீண். சுக்கு எவ்வளவு நேரம் தாங்கினான்னு அளந்தேன். 3 செகண்ட்.

சிரிக்காதீங்க. 3 செகண்ட்ல இருந்துதான் தொடங்கினோம். முதல் வாரம் நான் வெளிய போகவே இல்ல. சாவியை எடுப்பேன், சோபாவுல உட்காருவேன். ஷூ போட்டுக்கிட்டு தோசை சுடுவேன். ஐடி கார்டை மாட்டிக்கிட்டு கிரிக்கெட் பார்ப்பேன். "இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னு அவ தூங்கப் போற வரைக்கும். அப்புறம் கதவைத் திறந்து மூடுறது. அப்புறம் வெளிய ஒரு கால். 2 செகண்ட், 5 செகண்ட், 1 செகண்ட், 6 செகண்ட். ஏறிக்கிட்டே போகக் கூடாது, அடுத்தது கஷ்டமாத்தான் இருக்கும்னு அவ கண்டுபிடிச்சிடுவா. உதட்டை நக்குறா, கொட்டாவி விடுறா, காது கதவு பக்கம் திரும்பிச்சுன்னா அன்னைக்கு அதோட சரி. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். எல்லாத்தையும் ஷீட்ல போட்டேன். தொழில் புத்தி.

அந்த ஷீட்தான் ஒரு பக்கைப் பிடிச்சுக் குடுத்தது. 40 செகண்ட் வரைக்கும் வந்துட்டு ஒரு வாரம் அப்படியே நின்னது. சில நாள் 40, சில நாள் 10. எந்தக் கணக்கும் ஒத்து வரல. அப்புறம்தான் வீடியோவை சத்தத்தோட கேட்டேன். லிஃப்ட் மணி. நான் வெளிய நிக்கும்போது லிஃப்ட் எங்க மாடியில 'டிங்'னு நின்னா, அவளுக்கு நான் போயே போயிட்டேன்னு அர்த்தம். ரெண்டு வாரம் படிக்கட்டுல ஏறி இறங்கினேன். தனியா, நான் வீட்டுக்குள்ள இருக்கும்போதே, அந்த மணி சத்தத்தை மொபைல்ல மெதுவா போட்டுப் பழக்கினேன். பைக் ஸ்டார்ட் ஆகுற சத்தத்துக்கும் இதே கதை, அதுக்கு இன்னும் 3 வாரம்.

சரி, உண்மையான கேள்விக்கு வருவோம். 40 செகண்ட் தாங்குற நாயை வெச்சுக்கிட்டு ஆபீஸ் எப்படிப் போனேன்? பயிற்சி நடக்கிற மாசங்கள்ல அவளைத் தனியா விடவே கூடாது. காலையில 40 செகண்ட் பழக்கிட்டு, மத்தியானம் 9 மணி நேரம் விட்டா எல்லாம் போச்சு. இந்த விஷயத்துல நிறைய பேர் கைவிடுறது இந்த இடத்துலதான், அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது.

நான் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். முதல்ல மன்னிப்புக் கேட்டேன், வீடியோவையும் காட்டினேன். ஆன்ட்டி ஒண்ணும் பேசல. அவங்க பொண்ணுதான், "உங்க வீட்ல ஏசி இருக்கா?"ன்னு கேட்டாங்க. அவங்க வீட்ல தம்பி, தாத்தா, டிவி சீரியல். என் வீட்ல பகல் முழுக்க ஆள் இல்ல, டேபிள் இருக்கு, வைஃபை இருக்கு. வாரத்துக்கு 2 நாள் அவங்க என் ஹால்ல உட்கார்ந்து படிச்சாங்க, சுக்கு அவங்க கால்கிட்ட தூங்கினா. 3வது நாளுக்கு மேனேஜர்கிட்ட பேசி வீட்ல இருந்து வேலை வாங்கினேன். நாய்க்குன்னு சொல்லக் கூச்சப்பட்டு "குடும்ப மருத்துவக் காரணம்"னு போட்டேன், பொய் ஒண்ணும் இல்லையே. கவனிச்சீங்களா, ஊளை நின்னது பயிற்சியால இல்ல. தனியா விடாததால, முதல் வாரமே நின்னுடுச்சு. ஹவுஸ் ஓனர் அப்புறம் கூப்பிடவே இல்ல.

சும்மா கிடைக்கல. 5 மாசம் தியேட்டர் கிடையாது, ராத்திரி வெளிய சாப்பாடு கிடையாது. ஒரு நெருங்கின நண்பன் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் போயிட்டு, பந்தியில உட்காராம ஓடி வந்தேன். 7 நிமிஷம் வந்தப்போ தீபாவளி. பட்டாசுச் சத்தத்துல எல்லாம் சரிஞ்சு 20 செகண்டுக்கு வந்தது. அன்னைக்கு ராத்திரி அந்தத் தோட்டத்துக்காரர் நம்பரை அம்மாகிட்ட கேட்டு வாங்கினேன். டயல் பண்ணல. ஆனா வாங்கினேன். மறுபடி ஏறும்போது வேகமா ஏறினா, 3 வாரத்துல பழைய இடத்துக்கு வந்துட்டா. 30 நிமிஷம் தாண்டினதும் ஷீட்ல கோடு செங்குத்தா போச்சு. பெரும்பாலும் பயம் வர்றது முதல் அரை மணிக்குள்ளதான், அதைத் தாண்டிட்டா தூக்கம்.

இது வரைக்கும் அவளோட ரெக்கார்டு 2 மணி 10 நிமிஷம். ஆபீஸ் நாளுக்கு இன்னும் பத்தாது. அதனால எதிர் வீட்டு டேபிள் ஏற்பாடு தொடருது. அவங்க பிரிலிமினரி பாஸ் பண்ணிட்டாங்க, இப்போ மெயின்ஸுக்குப் படிக்கிறாங்க.

ஒரு செகண்ட்... எழுந்துட்டா. கதவு பக்கம் போறாளா... இல்ல, தண்ணி குடிக்கிறா. திரும்பிப் படுத்துட்டா. 46 நிமிஷம். நடந்து போக 4 நிமிஷம் ஆகும், நான் கிளம்புறேன். அந்த மெசேஜ் அனுப்பின நேயருக்கு: இன்னைக்கு முதல்ல மொபைலை ஷெல்ஃப்ல சாய்ச்சு வெச்சுட்டுக் கீழ போய், அவ சிக்கன் தின்றாளான்னு பாருங்க. வீடியோவை எனக்கும் அனுப்புங்க.