காக்க வைக்கும் வட்டு

கணினி விளையாட்டைத் தொடங்கியதும் திரை நம்மைக் காக்க வைக்கிறதே, ஏன்?

2013-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4 கருவியில் இருந்தது சுழலும் வட்டு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி வினாடி. வேண்டிய இடம் தன்கீழ் வரும்வரை படிக்கும் முனை காத்துக் கிடக்கும். அற்பமன்றோ என்பீர்கள், செய்திகள் பல்லாயிரம் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால்? எனவே 2018-ஆம் ஆண்டின் ஸ்பைடர்மேன் விளையாட்டை ஆக்கியோர், தெருவோரத் தபால்பெட்டியைக்கூட வட்டில் நூற்றுக்கணக்கான முறை படியெடுத்து வைத்தனர். இடம் வீணாயிற்று, நேரம் மிஞ்சியது.

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் சேமிப்பகத்தில் சுழல்வது எதுவுமில்லை, வினாடிக்கு 5.5 கிகாபைட் அள்ளித் தருகிறது. புதிய செயலிக்குப் பணம் சேர்க்கும் மாணவர், முதலில் தம் கணினியின் வட்டைப் பார்ப்பது நலம். செயலிக்கும் வேலை இல்லாமலில்லை. சுருக்கி வைத்த செய்தியை அதுவே விரித்தாக வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் அதற்கெனத் தனியுறுப்பே அமைத்துவிட்டார்கள்.