தபால் தலையின் நான்கு ஓரங்கள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்திலே எழுத்தராகக் காலங்கழிப்பவன் நான். புலவர்கள் பேசும் இம்மேடையிலே பேசுதற்கு எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றே. அது தபால் தலை சேர்த்தல்.

சென்ற மாதம் நம் காலனிச் சிறுவன் ஒருவன் தபால் தலையொன்றைக் கொண்டுவந்து, “மாமா, ஒரு பக்கம் வெள்ளை அதிகமாக இருக்கிறதே, பிளேடால் சீவிவிடட்டுமா?” என்று கேட்டான். என் நெஞ்சு திடுக்கிட்டது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகின்றேன்.

படம் தாளின் நட்ட நடுவே அமைந்திருப்பதே தபால் தலைக்கு அழகு. 1840-இல் இங்கிலாந்து வெளியிட்ட முதல் தபால் தலைக்கும், 1854-இல் கல்கத்தாவில் அச்சான நம் நாட்டுத் தலைகளுக்கும் ஓரத் துளைகள் இல்லை. மக்கள் கத்தரிக்கோலால் வெட்டியே பயன்படுத்தினர். ஆகவே படத்தில் வெட்டுப்படாமல் நான்கு ஓரமும் தப்பிய தலைகள் அரியவையாயின. துளையிடும் முறை வந்த பின்னரும் குறை முற்றும் நீங்கவில்லை. அச்சிடுதல் ஒரு வேலை. துளையிடுதல் வேறொரு வேலை. இடையிலே தாள் சிறிது சுருங்கினாலும் நகர்ந்தாலும் படம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

இதனை அளப்பது எளிது. முதலில் தலையை இடுக்கியால் எடுத்துத் தலைகீழாக வையுங்கள். அப்பொழுது படத்தின் அழகிலே மயங்காது கண் ஓரத்தை நோக்கும். பின்பு பூதக்கண்ணாடியின் கீழ், துளையின் அடியிலிருந்து படத்தின் விளிம்பு வரை அளவுங்கள். இடம் 1.2 மில்லிமீட்டர், வலம் 0.8 என்றால் மொத்தம் 2. நூற்றுக்குக் கணக்கிட்டால் 60-40. மேலும் கீழும் அவ்வாறே அளக்கவேண்டும். ஒரே ஓரத்தின் இரு முனைகளையும் அளந்தால் படம் சாய்ந்திருப்பதும் தெரியவரும். இந்நாளில் விளையாட்டு வீரர் படச் சீட்டுகளைச் சேர்ப்போரும் இக்கணக்கையே கையாளுகின்றனர். அமெரிக்காவின் பி.எஸ்.ஏ. நிறுவனம் தன் உயர்ந்த தரத்திற்கு, முன்புறத்தில் ஏறத்தாழ 55-45 வரையே இடந்தருகின்றது.

இனி என் கதை. இந்திய இரயில்வேயின் நூற்றாண்டு நினைவாக 1953 ஏப்ரல் 16-ஆம் நாள் இரண்டணாத் தபால் தலை வெளிவந்தது. 1853-ஆம் ஆண்டு எஞ்சினும் 1953-ஆம் ஆண்டு எஞ்சினும் அதிலே காணப்படும். ஜோலார்ப்பேட்டையில் பணிபுரிந்த என் பாட்டனார் அன்று ஒன்று வாங்கிவைத்தார். பெங்களூருக்குக் குடிவந்தபோது என் தந்தையார் அதனைப் பெட்டியின் அடியிலே பத்திரமாகக் கொண்டுவந்தார். அதன் இடது ஓரம் அகன்றும் வலது ஓரம் ஒடுங்கியும் இருந்தது. பத்து வயதுச் சிறுவனாகிய நான், அதனைத் திருத்துவதாக எண்ணி, இடது ஓரத்தைக் கத்தரித்துவிட்டேன். பல்வரிசை போயிற்று.

இரவுப்பணி முடிந்து வந்த தந்தையார் பார்த்தார். அடிக்கவில்லை. “உங்க தாத்தா வாங்கினப்பவே அது அப்படித்தான் இருந்ததப்பா” என்றார். அவ்வளவே. அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

குழந்தைகளே! நடுவமையாத தபால் தலை விலை குறைந்ததாகலாம். ஆயினும் அது பழுதற்ற தலையே. ஓரம் சீவப்பட்டதோ பழுதுபட்டதென்றே ஒதுக்கப்படும். உடன் வந்த மற்றொரு தலையோடு வைத்துப் பார்த்தால் அளவுக் குறைவு உடனே வெளிப்படும். சீவியதை மறைத்து விற்பது வஞ்சகம். ஆகவே அளவுங்கள், குறித்துவையுங்கள், வெட்டாதீர்கள்.

அந்த இரண்டணாத் தலை இன்றும் என் ஏட்டின் முதற்பக்கத்திலே இருக்கின்றது. நல்ல தலையொன்றை வாங்கி அவ்விடத்தே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் கீழே, “இடது ஓரம் என்னால் வெட்டப்பட்டது” என்று எழுதிவைத்துள்ளேன். என் மகள் அதைப் படித்துவிட்டுத்தான் ஏட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள்.