வாசலுக்கு வர்ற பஸ்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

புது வேலை கிடைச்சதும் நாம எல்லாரும் முதல்ல என்ன பண்ணுவோம்? சம்பளத்தைப் பன்னிரண்டால பெருக்கிப் பார்ப்போம். அடுத்து மேப்பைத் திறந்து, வீட்டுக்கும் ஆபீஸுக்கும் எத்தனை நிமிஷம்னு பார்ப்போம். நானும் அதைத்தான் பண்ணேன். 55 நிமிஷம்னு காட்டுச்சு. அந்த 55 நிமிஷத்தை நம்பினதால நான் ஒரு மாசம் பட்ட பாடுதான் இன்னைக்கு எபிசோட்.

என் ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே, கழுகுமலை ரோட்டுல இருக்கு. எங்க பக்கத்துக் கணக்குல சொன்னா, விலக்குல இருந்து ஒண்ணரை கிலோமீட்டர். சென்னைக்காரங்களுக்காகச் சொல்றேன்: மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குப் பாதை பிரியுற இடம்தான் விலக்கு. பஸ் அங்கேயே இறக்கி விட்டுட்டுப் போயிடும். மீதியை நடக்கணும். ரெண்டு பக்கமும் கரிசக்காடு. மழை பெஞ்சா செருப்பைக் கையில எடுத்துக்கணும். இல்லைன்னா செருப்போட சேர்த்து ரெண்டு கிலோ மண்ணையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வரணும்.

வேலை கிடைச்சது கங்கைகொண்டான் சிப்காட்ல. அரியலூர் பக்கம் இருக்கிற கங்கைகொண்ட சோழபுரம் இல்ல. இது திருநெல்வேலிக்கு வடக்கே, நாலுவழிச்சாலை ஓரமா இருக்கிற ஊர். டயர்ல இருந்து சோலார் பேனல் வரைக்கும் செய்யிற கம்பெனிங்க அங்க இருக்கு. கோவில்பட்டியில இருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நான் சேர்ந்தது தர சோதனைப் பிரிவு. ஷிஃப்ட் காலை ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும். சம்பளம் 17,000.

எப்படிப் போறது? ஒவ்வொண்ணா யோசிச்சேன்.

ரயில்? எங்க ஊர் வழியா போற மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876-ல வந்தது. சென்னைக்கு மெட்ரோ வந்தது 2015-ல. அதாவது, உங்களுக்கு ஏறக்குறைய 140 வருஷம் சீனியர் நாங்க. மணியாச்சியில இருந்து ஒரு பாதை திருநெல்வேலிக்குப் பிரியும், கங்கைகொண்டான் ஸ்டேஷன் அதுல இருக்கு. சீசன் டிக்கெட் எடுத்தா பஸ்ஸைவிட ரொம்ப மலிவு. ஆனா எல்லா வண்டியும் அந்தச் சின்ன ஸ்டேஷன்ல நிக்காது. நிக்கிற வண்டியோட நேரமும் என் ஷிஃப்ட்டும் ஒத்துப்போகல.

ஸ்கூட்டி? வீட்டுல இருந்து போக வர கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைச்சாலும் தினமும் ரெண்டு லிட்டர் பெட்ரோல். மாசம் 25 நாளுன்னா 5,000 ரூபாய்க்கு மேல. அதுகூடப் பரவாயில்ல. கயத்தாறு பக்கம் ரோட்டோரமா வரிசையா காத்தாலை நிக்கும், பார்த்திருப்பீங்க. காத்தாலையை எங்க வைப்பாங்க? காத்து அடிக்கிற இடத்துலதானே? ரோடு வடக்கு தெற்கா போகுது, ஆடி மாசம் காத்து மேற்கே இருந்து வருது. லாரியை ஓவர்டேக் பண்ணி வெளிய வர்ற அந்த ஒரு நொடியில, வண்டியை அப்படியே பக்கவாட்டுல தள்ளும். அதுபோக, கங்கைகொண்டான்ல புள்ளிமான் சரணாலயம் வேற இருக்கு. ராத்திரியில மான் ரோட்டைக் கடக்கும். ஒரு நாள் போயிட்டு வந்து பார்த்தேன். சாவியை அம்மாகிட்ட குடுத்துட்டேன்.

திருநெல்வேலியில ஹாஸ்டல் எடுக்கலாம். அங்கிருந்து பக்கம்தான். ஆனா வீட்டுல அம்மா தனியா இருக்காங்க. ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு எல்லாம் போக ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்னு பார்த்தா, வேலைக்குப் போறதுக்கே அர்த்தம் இல்லாமப் போச்சு.

கடைசியா கம்பெனி பஸ். காலையில ஆறு ஐம்பதுக்கு எங்க விலக்குக்கே வரும். காசு கிடையாது. எட்டரை மணிக்குள்ள கேட்டுக்குள்ள இருப்பேன். இன்டர்வியூலயே சொன்னாங்க, "பஸ் இருக்கும்மா, நீங்க எதுக்கும் கவலைப்பட வேண்டாம்"னு. இதுக்கு மேல என்ன வேணும்? உடனே பேரைக் குடுத்துட்டேன்.

வீட்டுல வந்து சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கிட்டே, "பஸ்ஸு அவுகளே விடுதாகளா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

முதல் ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு. மூணாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் அஞ்சேகாலுக்கு ஒரு லிஸ்ட் வந்துச்சு. அன்னைக்கு எட்டு மணி வரைக்கும் ஓ.டி. எனக்கு உடம்பு சரியில்ல, வேண்டாம்னு சொன்னேன். சூப்பர்வைசர் கோபப்படவே இல்ல. "சரிம்மா, கட்டாயம் இல்ல. ஆனா பஸ் எட்டரைக்குத்தான் எடுப்பாங்க"ன்னு சொன்னார்.

கேட்டைத் தாண்டினா நாலுவழிச்சாலைக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர். இருட்டுன பிறகு ஷேர் ஆட்டோவும் கிடையாது. சரின்னு கேன்டீன்ல போய் உட்கார்ந்தேன். அங்க எனக்கு முன்னாடியே நாலு பொண்ணுங்க உட்கார்ந்திருந்தாங்க. அதுல ஒரு அக்கா சொன்னாங்க: "இங்க சும்மா உக்காந்திருக்கிறதுக்கு வேலையே பார்த்துரலாம்னு போயிருவோம். இன்னைக்கு முடியல."

யோசிச்சுப் பாருங்க. ஓ.டி. பார்த்தா இரட்டைச் சம்பளம் குடுக்கணும்னு சட்டம் இருக்கு. கேன்டீன்ல உட்கார்ந்து பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. பஸ் எப்ப கிளம்பும்ங்கிறது மட்டும்தான் மாறுது. வீட்டுக்குப் போற ஒரே வழி அவங்க கையில இருந்தா, நம்ம சாயங்காலமும் அவங்க கையிலதான்.

அன்னைக்கு விலக்குல இறங்கும்போது மணி ஒன்பது ஐம்பது. மைல் கல்லு மேல அம்மா டார்ச் லைட்டோட உட்கார்ந்திருந்தாங்க. எட்டு மணியில இருந்தே அங்கதான் இருக்காங்க. என் போன்ல சார்ஜ் இல்ல, அவங்களுக்கு விஷயமே தெரியாது. ஒண்ணரை கிலோமீட்டரும் ரெண்டு பேரும் பேசாமதான் நடந்தோம். ஊர் விளக்கு தெரியுற இடத்துக்கு வந்ததும் அம்மாவே பேசினாங்க.

"எங்களுக்கும் வாசலுக்குத்தான் ஏட்டி பஸ்ஸு வந்துச்சு. ஆனா அது ஒரே எடத்துக்குத்தான் போவும்."

அம்மா பத்து வயசுல தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவங்க. எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, தீப்பெட்டி ஆபீஸ்தான். எண்பதுகள்ல விடியுறதுக்கு முன்னாடியே ஆபீஸ் பஸ் ஊர் ஊரா வந்து ஹாரன் அடிக்கும். தூங்கிக்கிட்டிருக்கிற பிள்ளைங்களைத் தூக்கி ஏத்தி விடுவாங்க. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லயே வந்துடுச்சு. அதுக்கப்புறமும் அந்த பஸ் வந்துச்சு. 1990-ல 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'னு சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படம் இருக்கு, சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைங்களைப் பத்தி. தேடிப் பாருங்க.

மழை இல்லாத பூமி. காட்டுல வேலை இருக்காது. அப்ப அந்த பஸ் பல வீட்டுக்குக் கஞ்சி ஊத்துச்சு, அதையும் மறுக்க முடியாது. ஆனா ஊருக்கு டவுன் பஸ் கிடையாது. பள்ளிக்கூடம் தூரம். ஆபீஸுக்கு மட்டும் வாசல்ல வண்டி. அம்மா படிச்சது மூணாப்பு வரைக்கும்தான்.

என் நிலைமை அது இல்லைன்னு எனக்குத் தெரியும். நான் படிச்சவ, இருபத்தாறு வயசு, விரும்பித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனாலும் அம்மா பஸ்ஸைப் பத்தி எதுக்குக் கேட்டாங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. நான் போற நேரத்தை மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். திரும்பி வர்றதைப் போடவே இல்ல.

2004-ல டேனியல் கானேமன் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. டெக்சாஸ்ல வேலைக்குப் போற 909 பெண்கள்கிட்ட, முந்தின நாள் ஒவ்வொரு நேரமும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. சந்தோஷத்துல கடைசி இடம் எதுக்குத் தெரியுமா? காலையில வேலைக்குப் போற பயணத்துக்கு. எனக்குக் காலைப் பயணம் பிரச்சினையே இல்ல, ஜன்னலோர சீட்ல தூங்கிடுவேன். சாயங்காலம்தான் என் நாளைக் கெடுத்துச்சு. அதனால உங்க நாள்ல எந்தப் பக்கம் வலிக்குதுன்னு முதல்ல பாருங்க.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. போறதும் வர்றதும் ஒரே வண்டியிலதான் இருக்கணும்னு யார் சொன்னா?

இப்ப காலையில கம்பெனி பஸ்ஸுலயே போறேன். சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய வந்துடுவேன். இன்னும் வெளிச்சம் இருக்கும், ஷிஃப்ட் விடுற நேரம், ஷேர் ஆட்டோ நிக்கும். நாலுவழிச்சாலையில கோவில்பட்டி பஸ். அங்கிருந்து விலக்குக்கு டவுன் பஸ். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்ல. வெளியூர் பஸ்ஸுக்கு அது பொருந்தாது, அதுக்குக் காசு குடுக்கணும். எல்லாம் சேர்த்து மாசம் 1,400 ரூபாய் வரைக்கும் ஆகுது. கம்பெனி பஸ்ஸைவிட அரை மணி நேரம் லேட். கோவில்பட்டி பைபாஸ்ல இறக்கிவிட்டுப் போற பஸ் மாட்டினா இன்னும் லேட். ஆனா எட்டு மணிக்குள்ள வீட்டுல இருப்பேன்னு அம்மாவுக்குத் தெரியும்.

ஓ.டி.யை விட்டுடல. காசு வேணுமே! வாரத்துல ரெண்டு நாள் பார்க்கிறேன். எந்த நாள்னு முன்னாடியே சொல்லிடுறேன். முதல் தடவை நான் லிஸ்ட்ல இருந்து பேரை எடுக்கச் சொன்னப்போ சூப்பர்வைசர் சொன்னார், "பஸ் எட்டரைக்குத்தாம்மா." நான் சொன்னேன், "தெரியும் சார். நான் அதுல வரல." கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அடிச்சுட்டார். இப்ப எங்ககூட ஆட்டோவுல இன்னும் மூணு பேர் வர்றாங்க. கேன்டீன்ல பார்த்த அந்த அக்காவும் அதுல ஒருத்தர்.

தாம்பரத்துல இருந்து சிறுசேரிக்கு கேப்ல போறவங்களுக்கும் இதேதான். வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி "கேப் இருக்கா"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. "எனக்கு ஆறு மணிக்கே கிளம்பணும்னா எப்படிப் போவேன்"னு கேளுங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை நாள் சாயங்காலம், ஆபீஸ் வாசல்ல இருந்து உங்க வீட்டு வாசல் வரைக்கும், கம்பெனி வண்டி இல்லாம ஒரு தடவை வந்து பாருங்க. மேப்ல பார்த்தா அது தெரியாது.

நேத்து ஓ.டி. நாள். ஒன்பது ஐம்பதுக்கு விலக்குல இறங்கினேன். அம்மா வரல. ஸ்கூட்டியைக் காலையிலேயே விலக்கு டீக்கடையில விட்டுட்டுப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்தா, சோத்தை மூடி வச்சுட்டு அம்மா தூங்கிட்டிருந்தாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பத்திரமா வீட்டுக்குப் போங்க.